அரசியின் ஆயுள்: நெடுவாழ்வு குறித்த ஓர் அறவியல் நோக்கு

நிலையாமைக்கு உவமை தேடும் தமிழ் மனம் எளிதில் சென்றடையும் உயிர்களுள் ஈசலும் ஒன்று. மழை பெய்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பி, விளக்கொளியைச் சுற்றிப் பறந்து, விடியுமுன் சிறகுதிர்ந்து கிடக்கும் அதன் நிலையைக் கண்டே ‘ஈசல் வாழ்வு’ என்னும் வழக்குப் பிறந்தது. அவ்வழக்கு பாதி உண்மையையே சொல்கிறது. சிறகுதிர்த்த ஈசல்களுள் பறவைக்கும் பல்லிக்கும் தப்பி, இணையோடு மண்ணுக்குள் இறங்கும் மிகச் சிலவே புதிய புற்றின் அரசனும் அரசியும் ஆகின்றன. அவ்வாறு ஆன கறையான் அரசி சில இனங்களில் 20 ஆண்டு வரையிலும் வாழ்கிறது. குறுவாழ்வுக்கு உவமையான உயிரே பூச்சியுலகின் நெடுவாழ்வுக்கும் சான்றாக நிற்கிறது.

இது உயிரியலாரின் வியப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஓர் உயிர் நீண்டகாலம் வாழ்வது அவ்வுயிரின் உடைமையா, அல்லது பிற உயிர்களின் உழைப்பிலிருந்து அதற்கு வந்துசேர்ந்த பங்கா என்பது அறவியல் வினா. உடைமையெனின் அதனைப் பெருக்கிக்கொள்வதில் பிறர் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பங்கெனின் அது யாரிடமிருந்து வந்தது, அவர்க்கு என்ன மீண்டது என்னும் கேள்விகள் உடன் எழும். முதுமையின் மரபியலை ஆராய்வோர் இன்று சமூகப் பூச்சிகளின் அரசிகளை நாடிச் செல்கின்றனர். அவர்கள் கண்ட சான்றுகளுள் முதன்மையான ஒன்று தென்னிந்திய மண்ணுக்குரிய எறும்பிலிருந்து கிடைத்துள்ளது. ஆகவே நெடுவாழ்வு குறித்துத் தமிழிலக்கியம் சொல்லியுள்ளவற்றை அச்சான்றின் அருகில் வைத்து நோக்குவது பொருத்தமுடையது.

பெயரளவில் ஓர் இயைபு முன்பே உள்ளது. பாரம்பரியத்தை ஆராயும் அறிவியல் துறைக்குத் தமிழில் வழங்கும் ‘மரபியல்’ என்னும் சொல்லே தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் பெயர். அவ்வியலில்தான் சிதலும் எறும்பும் மூவறிவுயிர்களாகச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. தொடுதல், சுவைத்தல், முகர்தல் ஆகிய மூன்றே அவற்றுக்கு உரியன. காட்சியறிவு அடுத்த படியில் உள்ளவற்றுக்கு உரியது. கண்ணில்லாப் பணியாளர்களைக் கொண்ட பெரும்பாலான கறையான் இனங்களுக்கு இப்பகுப்பு நன்கு பொருந்துகிறது. இங்கு பேசப்படும் எறும்போ அதனை மீறுவது.

தாவும் எறும்பின் இரண்டு ஆயுள்கள்

ஹார்பெக்னாத்தோஸ் சால்டேட்டர் என்பது அதன் அறிவியற்பெயர். சென்னைப் படையில் மருத்துவராயிருந்த தாமஸ் ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டு 1851-இல் வெளியிட்டபோது இதனை முதன்முதலாக விவரித்தார். கேரளம் உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இது வாழ்கிறது. பெரிய கண்களும் நீண்ட தாடைகளும் உடையது. இரையைக் கண்ணால் கண்டு, குறிவைத்துத் தாவிப் பிடிப்பது. கிறிஸ்டியன் பீட்டர்ஸ், பெர்ட் ஹோல்டோப்ளர், பெங்களூரைச் சேர்ந்த முஸ்தாக் அலி முதலியோர் 1990-களில் இதன் கூடுகளைத் தோண்டி ஆராய்ந்தனர். மண்ணுக்குள் அமைந்த அறையின் உட்சுவரில் பழைய கூட்டுப்புழு உறைகளின் துண்டுகளை ஒட்டி, ஈரம் புகாதவாறு இவை மெழுகியது போலச் செய்துகொள்ளும் என்பது அவர்கள் கண்ட செய்திகளுள் ஒன்று. இத்தகைய கூட்டை அமைக்க உழைப்பு மிகுதி. அரசி இறந்தபின் அதனைக் கைவிட்டுச் செல்வது பெரும் இழப்பாகும். இவ்வெறும்பின் வாழ்க்கை முறையை விளக்கும் திறவுகோலைப் பீட்டர்ஸும் ஹோல்டோப்ளரும் இதில்தான் கண்டனர்.

பெரும்பாலான எறும்பினங்களில் அரசி இறந்தால் குடியும் மெல்ல அழியும். ஹார்பெக்னாத்தோஸில் அவ்வாறு நிகழ்வதில்லை. அரசி இல்லாத கூட்டில் பணியாளர்கள் உணர்கொம்புகளால் ஒருவரையொருவர் அடித்துப் போட்டியிடத் தொடங்குகின்றனர். இப்போட்டி 40 நாள் வரை நீள்வதுண்டு. முடிவில் வென்ற சிலர் முட்டையிடும் உரிமை பெறுகின்றனர். இவர்களை ஆய்வாளர் ‘கேமர்கேட்’ என்பர். கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய அப்பெயருக்கு ‘மணந்த பணியாள்’ என்று பொருள். தமிழில் அவர்களை ‘ஏற்றம் பெற்ற பணியாள்’ என வழங்கலாம்.

ஏற்றம் பெற்ற பணியாளின் உடல் மாறுகிறது. சூலகம் பலமடங்கு பெருக்கிறது. மூளை ஐந்தில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட அளவு சுருங்குகிறது. இரை தேடும் தொழில் நீங்கியபின் பெரிய மூளைக்குத் தேவையில்லை என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். இவற்றினும் வியப்புக்குரியது ஆயுள். சாதாரணப் பணியாள் வாழ்வது ஏறத்தாழ 7 மாதம். ஏற்றம் பெற்றவள் வாழ்வது 4 ஆண்டு வரை. பிறவி அரசியின் ஆயுள் 5 ஆண்டளவு. அதே முட்டையிலிருந்து பிறந்து, அதே உணவை உண்டு, முதிர்ந்த பருவம் வரை அதே தொழிலைச் செய்த ஓர் உயிருக்கு, வாழ்வின் நடுவே அடைந்த ஒரு நிலையால் ஆயுள் ஆறேழு மடங்காகிறது.

இம்மாற்றம் மீளக்கூடியது. ஏற்றம் பெற்ற பணியாளைக் குடியிலிருந்து பிரித்துச் சில வாரம் தனியே வைத்து, மீண்டும் கூட்டில் விட்டால் மற்றவர் அவளைப் பிடித்து அடக்குகின்றனர். அவளது சூலகம் சுருங்குகிறது. கிளின்ட் பெனிக்கும் அவருடைய குழுவினரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுருங்கிய மூளையும் பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அவள் மீண்டும் இரை தேடச் செல்கிறாள். அவளது ஆயுளும் பணியாளின் அளவுக்கே திரும்பிவிடுகிறது. நீண்ட ஆயுள் அவளுடைய உடலில் ஒருமுறை வந்து தங்கிவிட்ட செல்வமன்று. அவளைச் சூழ்ந்தோர் ஒப்புக்கொள்ளும் வரை மட்டும் நிலைக்கும் மதிப்பு.

இதன் உள்ளியக்கத்தை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஹுவா யான், கிளாட் தெப்ளான், டேனி ரெய்ன்பர்க் ஆகியோர் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். இவ்வெறும்பின் மரபணுத் தொகுதி 2010-ஆம் ஆண்டிலேயே முழுமையாகப் படிக்கப்பட்டிருந்ததால் அவ்வாய்வு இயன்றது. அவர்கள் எதிர்கொண்டது ஒரு புதிர். முட்டையிடுவதற்கு மிகுந்த உணவும் மிகுந்த இன்சுலினும் தேவை. மிகுந்த இன்சுலினோ பெரும்பாலான உயிர்களில் முதுமையை விரைவுபடுத்துவது. உருளைப்புழு ஒன்றில் இன்சுலின் வழியைத் தளர்த்தும் ஒரே மரபணு மாற்றம் ஆயுளை இருமடங்காக்குகிறது என்பதைச் சிந்தியா கென்யன் 1993-இலேயே காட்டியிருந்தார். ஏற்றம் பெற்ற எறும்போ இன்சுலின் மிக்கிருக்கவும் நெடுங்காலம் வாழ்கிறது. விடை சூலகத்தில் கிடைத்தது. இன்சுலினின் செய்தி உயிரணுவுக்குள் இரு கிளையாகப் பிரிந்து செல்கிறது. ஒன்று முட்டை உருவாக்கத்துக்கு உதவுவது. மற்றொன்று முதுமைக்கு இட்டுச்செல்வது. வளர்ந்த சூலகம் ஒரு புரதத்தைச் சுரந்து இரண்டாம் கிளையை மட்டும் அடைக்கிறது. இனப்பெருக்கமும் நெடுவாழ்வும் பகையானவை என்னும் பழைய கருத்து இங்கே தளர்கிறது.

இச்செய்தியை மருந்தியலார் ஒருவகையாகவும் அறவியலார் வேறுவகையாகவும் படிக்க இயலும். மருந்தியலாருக்கு அப்புரதமே பொருள். அதனைப் பிரித்தெடுப்பதே அடுத்த பணி. அறவியலாருக்கோ அப்புரதத்தின் முன்னும் பின்னும் உள்ளவை பொருளாகின்றன. சூலகம் வளர்ந்தால்தான் புரதம் சுரக்கும். பிறர் உணவு கொணர்ந்து, போட்டியிலிருந்தும் விலகி நின்றால்தான் சூலகம் வளரும். எனவே அப்புரதம் குடியின் இசைவு ஓர் உடலுக்குள் எழுதப்பட்ட எழுத்து எனக் கொள்ளலாம். எழுத்தைப் பெயர்த்தெடுக்கலாம். அது எந்தத் தொடரில் பொருள் தந்ததோ அத்தொடரை உடன் பெயர்த்தெடுக்க இயலாது.

அரசி என்னும் சொல்

இவ்விடத்தில் சொல்லாய்வு ஒன்று இன்றியமையாததாகிறது. ‘அரசி’ என்பது உவமைப் பெயரே. அரிஸ்டாட்டில் முதலான பழையோர் தேன்கூட்டின் தலைமைப் பூச்சியை அரசன் எனவே எழுதினர். 1609-இல் சார்லஸ் பட்லர் என்னும் ஆங்கிலேயர் அதனைப் பெண் எனக் கொண்டு நூலெழுதினார். பின்னர் அதே நூற்றாண்டில் ஸ்வாமர்டாம் அதன் உடலைப் பிளந்து சூலகத்தைக் காட்டினார். பாலை மாற்றிக்கொண்டவர்கள் பதவியை மாற்றவில்லை. அப்பூச்சி ஆள்வதில்லை, கட்டளையிடுவதில்லை, குடியின் பெரும்பாலான முடிவுகளைப் பணியாளர்களே எடுக்கின்றனர். உமையம்மை ராணி, கௌரி லட்சுமி பாயி முதலியோர் மெய்யாகவே ஆண்ட நாட்டின் தலைநகரான திருவனந்தபுரத்தில் இச்சொல்லின் பொருத்தமின்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். மருமக்கத்தாயக் குடும்பங்களின் மூத்த பெண்ணுக்கு இருந்த சொல்லுரிமைகூட எறும்புப்புற்றின் அரசிக்கு இல்லை. ‘தாய்’ என்றிருந்தால் நெருங்கியிருக்கும். அரசி என்னும் சொல் அவளது நெடுவாழ்வை அவளுடைய உரிமையாகத் தோன்றச் செய்துவிட்டது. உவமைகள் ஆய்வாளரின் பார்வையைத் திருத்துவதுபோலவே திரிக்கவும் செய்யும் என்பதை இலக்கணிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

காக்கப்பட்ட உடல்

அரசிகள் ஏன் நெடிது வாழ்கின்றனர் என்பதற்குப் படிவளர்ச்சிக் கொள்கையார் தரும் விளக்கமும் பிறரையே சுட்டுகிறது. முதுமை ஏன் தோன்றியது என்னும் வினாவுக்குப் பீட்டர் மெடவார் 1951-இல் லண்டனில் ஆற்றிய உரையொன்றில் விடை தேடினார். காட்டில் வாழும் உயிர் பசி, நோய், பகை ஆகியவற்றால் இளமையிலேயே இறந்துவிடுகிறது. அது அடையாத முதிய பருவத்தில் வெளிப்படும் தீங்கான மரபணுக்களை இயற்கைத் தேர்வு களைவதில்லை. அவ்வாறு களையப்படாத குறைகளின் தொகையே முதுமை. இக்கொள்கை மெய்யானால், புறச்சாவிலிருந்து காக்கப்பட்ட உயிர்கள் மெல்ல மூப்படைய வேண்டும். லாரன்ட் கெல்லரும் மிஷெல் ஜெனூவும் 1997-இல் எறும்பரசிகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். தனித்து வாழும் பூச்சிகளைவிடச் சமூகப் பூச்சிகளின் அரசிகள் நூறு மடங்கு வரை நெடிது வாழ்வதை அவர்கள் காட்டினர். ஆய்வகத்தில் வளர்ந்த லேசியஸ் நைகர் இன அரசி ஒன்று 28 ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததும் பதிவாகியுள்ளது.

காக்கப்பட்டவர் நெடிது வாழ்வர். காப்பவர் குறுகிய காலமே வாழ்வர். இரை தேடிப் புற்றின் வாயிலைத் தாண்டிச் செல்பவள் சிலந்திக்கும் பறவைக்கும் இரையாகலாம். எப்படியும் விரைவில் இறக்கவிருக்கும் உடலைச் செப்பனிடுவதில் இயற்கை செலவு செய்வதில்லை. கறையான்களிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. மரபணுத் தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவிச் சேதம் விளைக்கும் கூறுகள் முதிய பணியாளரில் கட்டவிழ்ந்து பெருகுகின்றன. அரசனிலும் அரசியிலும் அடக்கப்பட்டே இருக்கின்றன என ஆப்பிரிக்கக் கறையான் இனமொன்றைக் குறித்து 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடக்கும் கருவி பணியாளரின் மரபணுவிலும் உண்டு. அவர்களுக்காக அது இயக்கப்படுவதில்லை, அவ்வளவே.

இன்னொரு சான்று மனத்தை உறுத்துவது. ஜெர்மனியின் காடுகளில் ஏகோர்னின் ஓட்டுக்குள் குடியிருக்கும் டெம்னோதொராக்ஸ் என்னும் சிற்றெறும்பை ஒருவகை நாடாப்புழு பற்றுகிறது. புழு பற்றிய பணியாள் வேலை செய்வதில்லை. நிறம் மங்கி, கூட்டிலேயே அமர்ந்திருக்கிறாள். மற்றவர் அவளுக்கு ஊட்டுகின்றனர், தூய்மை செய்கின்றனர், இடம் மாறும்போது சுமந்தும் செல்கின்றனர். மெயின்ஸ் நகர ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட மூன்றாண்டுக் கணக்கின்படி, நோயற்ற பணியாளர் அனைவரும் இறந்தபின்னும் புழு பற்றியவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் உயிரோடிருந்தனர். அரசிக்கு நிகரான ஆயுள் அது. ஆனால் அத்தகைய கூடுகளில் நலமாயிருந்த பணியாளர், புழு இல்லாத கூடுகளின் பணியாளரைவிட விரைவில் இறந்தனர். கணக்குப் புத்தகத்தின் இரு பக்கமும் இங்கு ஒருங்கே திறந்திருக்கின்றன. ஒருத்தியின் ஆயுளில் கூடியது மற்றவர்களின் ஆயுளில் குறைந்திருக்கிறது.

நெடுவாழ்வைப் பிறரோடு இணைத்துக் கண்ட தமிழ்ச் சான்றுகளுள் தலையாயது பிசிராந்தையாரின் புறப்பாட்டு (புறம். 191). ஆண்டு பலவாகியும் தலை நரைக்காதது எவ்வாறு எனச் சான்றோர் வினவ, அவர் தரும் விடையில் உணவோ மருந்தோ நோன்போ இடம்பெறவில்லை. மாண்புடைய மனைவியையும் அறிவு நிரம்பிய மக்களையும் சொல்கிறார். தம் கருத்தையே தம் கருத்தாகக் கொண்ட ஏவலரைச் சொல்கிறார். தீமை செய்யாது காக்கும் வேந்தனையும், அடக்கமுடைய சான்றோர் பலர் வாழும் ஊரையும் சொல்கிறார். இப்பட்டியலில் அவரைப் பற்றிய செய்தி ஒன்றுகூட இல்லை. தம் உடலின் இயல்பைக் கேட்டவர்களுக்குத் தம்மைச் சூழ்ந்தோரின் இயல்பை விடையாகத் தந்திருக்கிறார். ஏற்றம் பெற்ற எறும்பின் சூலகத்தை ஆராய்ந்தோர் சொல்வதும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. எனினும் அப்பாட்டிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அவர் எண்ணியதையே எண்ணிப் பணிசெய்த அந்த ஏவலருக்கு எந்த வயதில் நரைத்தது என்பதை உரையாசிரியர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிசிராந்தையாரின் கதை அப்பாட்டோடு முடிவதில்லை. அவ்வினா அவரிடம் கேட்கப்பட்ட இடம், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடம் எனக் கொளு கூறும். நரையில்லாத அம்மனிதர் முன்பின் கண்டிராத நண்பனோடு சேர்ந்து வடக்கிருந்து உயிர் துறப்பதற்காகவே அங்கு வந்திருந்தார். சூழ்ந்தோரால் நீண்ட ஆயுளை, உறவு கேட்டபோது விட்டுக்கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகப் புறநானூறு காட்டவில்லை.

இவற்றோடு எறும்பை ஒப்பிடுவதற்கு ஒரு தடை கூறப்படலாம். பணியாள் எறும்புக்குத் தான் இழப்பது தெரியாது. உடன்பிறந்தாரை வளர்ப்பதன்வழி அவளது மரபணுக்களே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. எனவே அவளுக்கு எவரும் தீங்கிழைக்கவில்லை. எறும்பு செய்வதிலிருந்து மனிதர் செய்ய வேண்டியதைப் பெறவும் முடியாது. இத்தடை வலுவானது; ஏற்கத்தக்கது. ஆனால் இயற்கையில் ஒரே ஒழுங்குதான் உண்டு என்பதையும் அது உட்கொண்டிருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இராகவேந்திர கடக்கர் பல்லாண்டு ஆராய்ந்த ரோபலிடியா மார்ஜினேட்டா என்னும் குளவி வேறு ஒழுங்கைக் காட்டுகிறது. தென்னிந்தியக் கட்டடங்களின் இறவாரங்களில் காகிதம் போன்ற கூடு கட்டும் இக்குளவியில் பணியாளுக்கும் அரசிக்கும் உருவ வேறுபாடில்லை. அரசி அமைதியானவள், எவரையும் தாக்குவதில்லை. பணியாள் விரும்பினால் கூட்டை விட்டு நீங்கித் தனிக்கூடு கட்டலாம். அல்லது இருந்து, முறை வரும்போது அரசியாகலாம். அரசியை அகற்றினால் ஒருத்தி உடனே எழுகிறாள். மற்றவர் அவளை எதிர்ப்பதில்லை. அவளையும் அகற்றினால் அடுத்தவள். வரிசை ஒன்று குடிக்குள் முன்பே இருக்கிறது. ஆய்வாளர் கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை. உழைப்பவரின் முறையும் ஒருநாள் வரக்கூடிய குடிகள் இயற்கையில் உண்டு என்பதே இதிலிருந்து பெறத்தக்கது. இயற்கை இப்படித்தான் என்று சொல்லி எதனையும் நிறுவ இயலாது என்பதற்கு இக்குளவியே போதும்.

நெல்லிக்கனியும் ஆரோக்கியப்பச்சையும்

ஆயுளை ஒருவரிடமிருந்து மற்றொருவர் பெறுதல் என்னும் கருத்தை நம் கதைமரபு இருவேறு வழியில் ஆராய்ந்துள்ளது. யயாதி தன் மூப்பை மக்களிடம் கொடுத்து அவர்தம் இளமையைக் கேட்கிறான். மூத்தோர் மறுக்கின்றனர், இளையவனாகிய புரு இசைகிறான். ஆயிரம் ஆண்டு இன்பம் நுகர்ந்தும் வேட்கை தணியாதென உணர்ந்தபின் யயாதி இளமையைத் திருப்பித் தருகிறான். இக்கதை பெரும்பாலும் வேட்கையின் இயல்பை விளக்கவே எடுத்தாளப்படுகிறது. ஆனால் அந்த ஆயிரம் ஆண்டும் புரு எவ்வாறு வாழ்ந்தான் என்பதே கதையின் இருண்ட பகுதி. கதைசொல்லி அங்கு செல்வதில்லை.

அதியமான் கதை எதிர்த்திசையில் செல்கிறது. மலைப்பிளவில் அரிதின் விளைந்த நெல்லிக்கனியை, அதன் பயனை வெளியிடாமலேயே, தான் உண்ணாது ஔவைக்கு அளித்தான் என்பது புறப்பாட்டுச் செய்தி (புறம். 91). யயாதி கேட்டுப் பெற்றான். அதியமான் சொல்லாமல் கொடுத்தான். நஞ்சுண்டு நிலைத்த இறைவனைப்போல் நீயும் நிலைபெறுக என ஔவை அவனை வாழ்த்துவது நுட்பமானது. பிறர் சாவைத் தான் ஏற்றவனையே நெடுவாழ்வின் உவமையாகத் தேர்ந்திருக்கிறார் அவர். தேவருலக அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர் இருப்பதால்தான் உலகம் நிலைக்கிறது என்று கூறும் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் பாட்டையும் (புறம். 182) இதனுடன் சேர்த்தெண்ணலாம். அமிழ்தம் என்பதே சாவாமருந்து ஆதலின், நெடுவாழ்வுக்கும் பகிர்வுக்கும் உள்ள தொடர்பை அப்பாட்டு நேரே தொட்டுவிடுகிறது.

இதற்கு மாறான ஓட்டமும் தமிழில் உண்டு. சித்தர் மரபு காயசித்தியைத் தனியொருவரின் முயற்சியாகக் கண்டது. திருமூலர் 3000 ஆண்டு வாழ்ந்து ஆண்டுக்கொரு பாடலாகத் திருமந்திரம் செய்தார் என்னும் மரபுவழிச் செய்தியில் அவருக்கு உணவிட்டவர் எவரும் இல்லை. தனித்த நெடுவாழ்வு என்னும் எண்ணத்தின் தூய வடிவம் இதுவே. இன்றைய ஆயுள்நீட்டிப்பு ஆய்வுகள் அறியாமலேயே இக்கனவுக்கு அருகில் நிற்கின்றன. அரசியின் புரதம் மாத்திரையாகிவிட்டால், யாருக்கும் கடன்படாத நெடுவாழ்வு கைகூடும் என அவை எண்ணக்கூடும். கூடுதலாக வாழும் 50 ஆண்டுக்கும் உண்ண வேண்டும், நோயுற்றால் யாரேனும் பார்க்க வேண்டும் என்பது மாத்திரையில் அடங்காது. மரணமிலாப் பெருவாழ்வைத் தேடிய வள்ளலார் 1867-இல் வடலூரில் முதலில் எழுப்பியது பிறர் பசி தீர்க்கும் தருமச்சாலை என்பது இங்கு நினைவிற்குரியது.

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே எழும் அகத்தியமலை, இறவாது இன்றும் உறைவதாகக் கருதப்படும் ஒரு முனிவரின் பெயரைத் தாங்கியது. அதன் சரிவுகளில் வாழும் காணிக்காரர்களோடு 1987-இல் மூலிகை தேடிச் சென்ற ஆய்வுக்குழுவினர், வழிகாட்டிகள் சிறு கனிகளைத் தின்றுவிட்டுக் களைப்பின்றி மலையேறுவதைக் கண்டனர். கேட்டபோது அவர்கள் முதலில் சொல்லவில்லை. பின்னர் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. காணிகள் தின்றது கனியை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அச்செடியின் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கியது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதனைச் செய்யும் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் ஒரு பங்குக்குமாக வழங்கப்பட்டது. அத்தொகையில் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்காக 1997-இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவுசெய்யப்பட்டது. மரபறிவுக்குப் பங்கு கொடுத்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக உலக அரங்கில் இது பேசப்பட்டது.

இம்முயற்சியின் மதிப்பைக் குறைத்தல் கூடாது. பயனைச் சொன்னவர்க்குப் பயனில் பங்கு என்பது அதியமான் கதையின் மறுபக்கம். ஆயினும் காணிகளுள் ஒரு பகுதியினர், தம்மை யாரும் கலந்துகொள்ளவில்லை என்றனர்; மலையின் அறிவைச் சிலர் மட்டும் கொடுத்துவிட இயலுமா எனக் கேட்டனர். பலர் தலைமுறைதோறும் காத்த ஒன்றைக் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று எல்லை வரைவது எளிதன்று. அரசியின் ஆயுளை எந்தப் பணியாள் கொடுத்தாள் என்று எறும்புக்கூட்டில் சுட்ட முடியாததைப் போன்றதே இது.

கொடுப்பவரின் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6 விழுக்காடு. மாநிலங்களுள் இதுவே மிகுதி. மருத்துவமும் கல்வியும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன, கூறப்படுவது சரியே. ஆனால் ஒவ்வொரு நெடுவாழ்வின் பின்னும் வளைகுடா நாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகனோ, வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் மகளோ, மலைமாவட்டத்திலிருந்து வந்து அயலார் வீட்டில் இரவும் பகலும் தங்கும் ‘ஹோம் நர்ஸ்’ எனப்படும் பெண்ணோ இருப்பார். எண்பத்தைந்து வயது மூதாட்டியைத் தூக்கி அமர்த்தும் நாற்பது வயதுப் பெண்ணின் முதுகு எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை. அப்பெண்ணுக்கு எண்பத்தைந்து வயதாகும்போது அவளைத் தூக்குபவர் யார் என்பதே பங்கு என்னும் சொல்லின் முழுப் பொருள். ரோபலிடியாக் குளவியில் முறை வரும். ஹார்பெக்னாத்தோஸில் பெரும்பாலோர்க்கு வராது.

பயனுள்ளவரையே வாழ்வு என்னும் எறும்பின் கணக்கு மனிதரிடையே நுழைந்தால் என்னவாகும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. விருதுநகர் மாவட்டப் பகுதிகளில் வழங்கியதாக 2010-இல் நாளிதழ்கள் வெளிக்கொணர்ந்த ‘தலைக்கூத்தல்’, படுக்கையில் கிடக்கும் முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிர்நீராட்டிச் சாகச் செய்யும் வழக்கம். வறுமையும் ஆளின்மையும் அதன் காரணங்கள் என எழுதியோர் சுட்டினர். நெடிது வாழ்ந்து உடல் சுருங்கிய மூத்தோரை உணவோடும் விளக்கோடும் தாழியில் இட்டு மண்ணில் இறக்கியதாக முதுமக்கள் தாழி குறித்து வழங்கும் நாட்டார் கதையும் அதே அச்சத்தின் குரலே. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இறந்தோரின் ஈமக்கலங்கள் என்பதைத் தொல்லியல் தெளிவாக்கியபின்னும் அக்கதை மறையவில்லை. நெடுவாழ்வை வாழ்த்தாக வழங்கிய மக்களே அதனைச் சுமையாகவும் உள்ளூர எண்ணியிருந்தனர் என்பதை அது காட்டுகிறது. தலைக்கூத்தலைச் செய்தவர்களைக் கண்டிப்பது எளிது. அவ்வீடுகளில் முதியோரின் முழுச் சுமையும் ஓரிருவர் மீது விழுந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அக்கண்டனம் நிறைவுறாது.

சுமையைப் பலர்மீது பரப்பும் வழியைக் கேரளம் முயன்று பார்த்திருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை இயக்கம், மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலாரின் வலையமைப்பாகப் பரவியது. திருவனந்தபுரத்தில் 2003-இல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பும் அவ்வழி வந்ததே. 2008-இல் மாநில அரசு இதனைத் தன் கொள்கையாக்கியது. இங்கு நோயுற்ற முதியவர் வீட்டுக்குச் செல்பவர்கள் அவருடைய மக்களோ உறவினரோ அல்லர். கடைக்காரர், ஆசிரியர், மாணவர், ஓய்வுபெற்ற எழுத்தர். புண்ணைக் கழுவவும் படுக்கையைத் திருப்பவும் பேசிக்கொண்டிருக்கவும் அவர்களுக்குக் குறுகிய பயிற்சி உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க இயலும் எவரும் சேரலாம் என்பதே மலப்புறத்தில் வகுத்த விதி.